மாணவர் நீதிமன்றமும் விசாரணை முறையும்

பரீட்சை மண்டபத்தில் பிறர் எழுதியதைப் பார்த்தெழுதினார் என்றோ, புதுமுக மாணவர் ஒருவரைப் பகிடிவதைக்கு உள்ளாக்கினார் என்றோ, விடுதிப் பொருளைச் சேதப்படுத்தினார் என்றோ ஒரு மாணவர்மீது குற்றஞ் சாட்டப்படும்போது, அதனை ஆராய்ந்து முடிவு கூறும் மன்றத்தை மாணவர் நீதிமன்றம் எனலாம். சில நாடுகளில் இம்மன்றத்தின் நடுவர்கள் மாணவரேயாவர். வேறு சில நாடுகளில் ஆசிரியரும் நிருவாகிகளும் அமர்ந்த ஒழுக்காற்றுக் குழு இப்பணியை ஆற்றுகின்றது. பெயரும் அமைப்பும் வேறுபடினும், குற்றம் நிகழ்ந்ததா என்பதைக் காய்தல் உவத்தலின்றி அறிந்து கூறுதலே அனைத்திற்கும் உரிய கடமையாம்.

இம்மன்றம் எவரையும் சிறையிடுவதில்லை. தண்டப் பணம் விதிப்பதும் பெரும்பாலும் சிறு தொகையே. அதனால் இதன் நடைமுறையைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை என எண்ணுவாரும் உளர். ஆயின், பல்கலைக்கழகத்தினின்று ஒரு மாணவர் நீக்கப்படுவாராயின் அவர்தம் வாழ்வின் போக்கே மாறிவிடுகின்றது. மருதமுனைத் தறியிலும் நிந்தவூர் வயலிலும் கல்முனைக் கடலிலும் உழைக்கும் குடும்பம் ஒன்று, தன் வழிமுறையில் முதன்முதலாக ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பியிருக்குமாயின், அப்பிள்ளை பாதி வழியில் திரும்பி வருதல் அக்குடும்பத்துக்கு எத்துணை இழப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இழப்போடு பழியும் சேர்ந்து வருகின்றது. ஆகவே இத்தகைய மன்றம் எவ்வெவ் விதிகளின்படி நடத்தல் வேண்டும் என்பது ஆராய்தற்குரியது.

இக்கரையின் வழக்காறு

அம்பாறை மாவட்டத்தின் கடற்கரையோரமாகக் கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பர். முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்களின் இடையே தமிழ் இந்துக்கள் வாழும் ஊர்களும் அமைந்துள்ளன. இருசாராரின் தாய்மொழியும் தமிழே. இவ்வூர்களுள் ஒன்றாகிய ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1995ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996ஆம் ஆண்டில் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்நிறுவனத்தின் தோற்றத்துக்குப் பெரிதும் உழைத்தவர், கல்முனையில் வளர்ந்து சட்டத்தரணியாகவும் அமைச்சராகவும் விளங்கிய எம். எச். எம். அஷ்ரப் ஆவர். தமிழ் பேசும் மாணவரோடு சிங்கள மாணவரும் இன்று அங்கே பயில்கின்றனர்.

இருதரப்பையும் கேட்டு நியாயம் உரைத்தல் இக்கரைக்குப் புதியதன்று. முஸ்லிம் ஊர்களில் தாய்வழியாக வரும் குடிமுறை நிலவியது. ஒவ்வொரு குடிக்கும் உரிய மரைக்கார் பள்ளிவாசல் நிருவாகத்தில் இடம்பெற்று, குடும்பப் பிணக்குகளையும் ஊர்ப் பிணக்குகளையும் தீர்த்துவைத்தனர். நபிகள் நாயகம் தம் மருகர் அலீ அவர்களை யெமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, முதலாமவர் கூறுவதைக் கேட்டதுபோலவே இரண்டாமவர் கூறுவதையும் கேளாது தீர்ப்பளித்தல் ஆகாது என அறிவுறுத்தினார் என்பது இஸ்லாமிய மரபு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்கீழ் இயங்கும் காதி நீதிமன்றங்களும் சட்டத்தரணிகளின் வாதமின்றி, தரப்பினரையே நேரில் கேட்டு முடிவு கூறும் மன்றங்களாக அமைந்தவை.

தமிழ் இந்துக்களிடத்தும் இவ்வுணர்வு ஆழ வேரூன்றியுள்ளது. காரைதீவிலும் தம்பிலுவிலிலும் உள்ள கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசித் திங்களில் குளிர்த்திச் சடங்கு நடைபெறும். அச்சடங்குக் காலத்திற் படிக்கப்படும் காவியத்தின் பெயர் 'கண்ணகி வழக்குரை' என்பது. வழக்குரைத்தல் என்னும் ஒரு செயலே தெய்வ வழிபாட்டின் நடுநாயகமாக அமைந்தமை சிந்தித்தற்குரியது. சிலப்பதிகாரத்தின் இசை நுட்பங்களை ஆராய்ந்து யாழ்நூல் இயற்றியவரும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியருமாகிய சுவாமி விபுலானந்தர் பிறந்ததும் இக்காரைதீவிலேயாம்.

சிலப்பதிகாரக் கதையை வழக்கு நடைமுறை நோக்கிற் காண்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். பொற்கொல்லன் ஒருவனின் முறைப்பாட்டைப் பாண்டியன் கேட்டான். குற்றஞ்சாட்டப்பட்ட கோவலனை அழைத்துக் கேட்டானல்லன். அரசியின் சிலம்பில் உள்ள பரல் முத்து, கண்ணகியின் சிலம்பில் உள்ள பரல் மாணிக்கம் என்னும் வேறுபாடு, ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்த கணத்திலேயே வெளிப்பட்டது. அச்சோதனைக்கு நெடுநேரமோ பெருஞ்செலவோ வேண்டியிருக்கவில்லை. ஆயினும் அது தண்டனை நிறைவேறிய பின்னரே செய்யப்பட்டது. பாண்டியன் கொடியவனல்லன், தன் தவற்றை உணர்ந்த அக்கணமே உயிர் துறந்த நேர்மையாளன். நடுவன் நல்லவனாயிருத்தல் மட்டும் போதாது, முறை வழுவாதிருத்தலும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிறநாட்டு வரலாறு

பல்கலைக்கழகங்கள் தம் மாணவரைத் தாமே விசாரிக்கும் வழக்கம் மிகப் பழையது. 1158ஆம் ஆண்டளவில் பேரரசன் முதலாம் பிரெடெரிக், மாணவர்மீதான வழக்குகளை அவர்தம் ஆசிரியரோ ஆயரோ விசாரிக்கலாம் என உரிமை வழங்கினான். செருமனியின் ஐடெல்பெர்க்குப் பல்கலைக்கழகம் மாணவருக்கெனத் தனிச் சிறையொன்றையே வைத்திருந்து, 1914ஆம் ஆண்டு வரை அதனைப் பயன்படுத்தியது.

அதிகாரம் பழையதாயினும், அதனை விருப்பப்படி செலுத்த இயலாது என்பதும் பழைய கொள்கையே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1718ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பென்ற்லி என்னும் அறிஞரின் பட்டங்களை அவர்தம் விளக்கத்தைக் கேளாமலே பறித்தது. 1723ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச நீதிமன்றம் அப்பட்டங்களை மீள வழங்குமாறு பணித்தது. ஆதாமின் குற்றம் இறைவனுக்குத் தெரியாததன்று. எனினும் அவனை அழைத்து வினவிய பின்னரே இறைவனும் தண்டித்தான் என அவ்வழக்கில் நீதிபதி ஒருவர் எடுத்துக்காட்டினார். கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் பொதுவான அவ்வரலாறு ஆங்கிலச் சட்டத்தில் இவ்வாறு இடம்பெற்றது.

மாணவரே மாணவரை விசாரிக்கும் முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் விர்ஜீனியாப் பல்கலைக்கழகம். அங்கே 1840ஆம் ஆண்டில் பேராசிரியர் ஒருவர் மாணவராற் சுடப்பட்டு இறந்தார். அதன்பின் 1842ஆம் ஆண்டில் பரீட்சை நேர்மையைப் பற்றிய உறுதிமொழி ஏற்பட்டு, காலப்போக்கில் மாணவரே நடத்தும் மானநெறி மன்றமாக வளர்ந்தது. நீண்டகாலம் அம்மன்றத்தில் குற்றவாளி எனக் காணப்பட்டவருக்கு நீக்கம் ஒன்றே தண்டனையாயிருந்தது. இம்முறையை மாணவர் தம் வாக்கினாலேயே 2022ஆம் ஆண்டில் கைவிட்டு, 2023ஆம் ஆண்டில் குற்றத்தின் அளவுக்கேற்பப் பலவகைத் தண்டனைகளை ஏற்றனர். ஒரே தண்டனையை எல்லாக் குற்றத்துக்கும் விதித்தல் நீதியாகாது என்பதை அவர்கள் உணரப் பல தலைமுறைகள் சென்றன.

1952ஆம் ஆண்டின் வழக்கு

மாணவர் விசாரணையைப் பற்றிய சட்டத்தில் உலகெங்கும் எடுத்தாளப்படும் வழக்குகளுள் ஒன்று இலங்கையிலேயே தோன்றியது. 'இலங்கைப் பல்கலைக்கழகம் எதிர் பெர்னாண்டோ' என்பது அதன் பெயர். 1952ஆம் ஆண்டில் விஞ்ஞானப் பட்டத்துக்கான இறுதிப் பரீட்சைக்குத் தோற்றிய மாணவர் ஒருவர், மொழிபெயர்ப்புக்காகத் தரப்பட்ட செருமானியப் பகுதியைப் பரீட்சைக்கு முன்னரே அறிந்திருந்தார் எனக் குற்றஞ் சாட்டப்பட்டது. உடன் பரீட்சை எழுதிய மாணவி ஒருவரே முக்கிய சாட்சி. அக்காலத்தில் துணைவேந்தராயிருந்தவர் அரசியலமைப்புச் சட்டத்தில் பெரும்புலமை வாய்ந்த சர் ஐவர் ஜெனிங்ஸ்.

இக்குற்றச்சாட்டை விசாரணைக் குழு ஒன்று ஆராய்ந்தது. சாட்சியரை அது அம்மாணவர் இல்லாத வேளையில் விசாரித்தது. மாணவரைத் தனியே அழைத்து அவர்தம் விடையைக் கேட்டது. குற்றம் உண்மை எனக் குழு கண்டமையால், அம்மாணவர் பல்கலைக்கழகப் பரீட்சைகள் அனைத்தினின்றும் கால எல்லையின்றித் தடுக்கப்பட்டார். அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தை நாடித் தோல்வியுற்றார். மேன்முறையீட்டில் இலங்கை உயர் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகம் இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தது. கோமறைக் கழகம் 1960ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பு வழங்கியது.

அத்தீர்ப்பின் காரணங்கள் நுட்பமாக நோக்கத்தக்கவை. உள்ளக விசாரணை ஒன்று நீதிமன்றம்போல் நடைபெற வேண்டியதில்லை. குற்றச்சாட்டு இன்னதென அறிவித்தலும், தனக்கெதிராகக் கூறப்பட்டது இன்னதென உணர்த்துதலும், அதற்கு விடையிறுக்கப் போதிய வாய்ப்பளித்தலும் அமையுமாயின் இயற்கை நீதி பேணப்பட்டதாகும் என்பது முதற் காரணம். மாணவி சொன்னதை நேரில் வினவிச் சோதிக்க அம்மாணவர் அனுமதி கேட்டு, அது மறுக்கப்பட்டிருக்குமாயின் நிலைமை வேறாயிருந்திருக்கும். அவரோ கேட்கவில்லை என்பது அடுத்த காரணம்.

கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், கேளாமையாற் கிடைக்கவில்லை. சட்டநோக்கில் இம்முடிவு பொருந்துவதாகலாம். ஆனால், துணைவேந்தர் அமைத்த குழுவின்முன் தனியே நிற்கும் மாணவர் ஒருவர், 'அச்சாட்சியை யான் வினவ விரும்புகின்றேன்' என எழுந்து கூறுவாரா? அத்தகைய உரிமை தமக்கு உண்டென்பதை அவர் எங்ஙனம் அறிந்திருப்பார்? அறிந்தவரும் அச்சத்தால் வாளாவிருத்தல் இயல்பன்றோ? இவ்வினாக்களே இன்றைய மாணவர் நீதிமன்றங்களின் விதிகளை வகுப்போர் மனத்தில் முதற்கண் எழவேண்டியவை.

அடுத்த ஆண்டாகிய 1961இல் அமெரிக்காவிலும் இதனை ஒத்த வழக்கொன்று தீர்க்கப்பட்டது. உணவகத்தில் இனப்பாகுபாட்டை எதிர்த்துப் போராடிய கறுப்பின மாணவர் சிலரை அலபாமா மாநிலக் கல்லூரி எவ்வித விசாரணையுமின்றி நீக்கியிருந்தது. அரச கல்லூரி ஒன்று நீக்கத்துக்கு முன் குற்றச்சாட்டை அறிவித்து விசாரித்தல் வேண்டும் எனவும், சாட்சியரின் பெயரையும் அவர்கள் கூறியதையும் மாணவருக்குத் தெரிவித்தல் வேண்டும் எனவும் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. கேளாவிடினும் தெரிவிக்க வேண்டியவை சில உண்டு என்னும் கருத்து இத்தீர்ப்பில் வெளிப்படுகின்றது.

மன்றத்தின் எல்லையும் அமைப்பும்

மாணவர் நீதிமன்றம் எதனை விசாரிக்கலாம், எதனை விசாரித்தல் ஆகாது என்பதை விதிகள் முதலிலேயே வரையறுத்தல் வேண்டும். இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி பல்கலைக்கழகத்தின் ஒழுங்கைப் பேணும் பொறுப்பு துணைவேந்தரைச் சாரும். ஆயின் பகிடிவதை இன்று ஒழுக்கக்கேடு மட்டுமன்று; குற்றமுமாகும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், அதன்போது பாலியல் தொல்லையோ கடுங்காயமோ விளைவிக்கப்படின் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கின்றது. இத்தகைய குற்றங்களை ஊர் மத்தியஸ்தம்போல் உள்ளேயே பேசி மூடிவிட ஒரு மாணவர் மன்றத்துக்கு உரிமையில்லை. அவை பொலிசாருக்கும் நீதவான் நீதிமன்றத்துக்கும் உரியவை.

அடுத்தது நடுவரின் தகுதி. எவரும் தம் வழக்கில் தாமே நடுவராதல் கூடாது என்பது இயற்கை நீதியின் மற்றொரு தூண். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவர்தம் உறவினரையும் வாரிய உறுப்புரிமையினின்று விலக்கின. குடியும் கொள்வினை கொடுப்பினையும் நெருங்கிப் பின்னிக்கிடக்கும் இக்கடற்கரை ஊர்களில் இவ்விதியின் தேவை மிகுதி. முறைப்பாட்டாளரின் மைத்துனரோ, எதிரியின் அறைத்தோழரோ, இருவருள் ஒருவரோடு மாணவர் சங்கத் தேர்தலில் மோதியவரோ நடுவராக அமர்தல் தகாது. முறைப்பாட்டைச் செய்த ஆசிரியரும் தீர்ப்பளிக்கும் குழுவில் இருத்தல் கூடாது. நடுவர் ஒவ்வொருவரும் விசாரணை தொடங்குமுன் தமக்குள்ள தொடர்பை வெளிப்படக் கூறி, தேவையாயின் தாமே விலகுதல் வேண்டும். எதிர்ப்புத் தெரிவிக்க மாணவருக்கும் வாய்ப்பளித்தல் வேண்டும்.

விசாரணை நடைபெறும் முறை

முறைப்பாடு எழுத்தில் அமைதல் நன்று. அதனைப் பெற்றதும், விசாரிக்கத்தக்க விடயம் உண்டா என்பதை ஒருவர் முன்னாராய்வு செய்வர். அவ்வாறு ஆராய்ந்தவர் பின்னர் தீர்ப்பளிப்போருள் ஒருவராக அமர்தல் ஆகாது. குற்றச்சாட்டுக் கடிதம் நாள், இடம், செயல், மீறப்பட்ட விதி ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடல் வேண்டும். 'ஒழுங்கீனமாக நடந்தமை' என்பதுபோன்ற பொதுச்சொல் குற்றச்சாட்டாகாது; அதற்கு எவரும் விடையிறுக்க இயலாது. கடிதம் மாணவருக்கு விளங்கும் மொழியிலேயே இருத்தல் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து கற்கும் நிறுவனத்தில் ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பப்படும் கடிதம் அறிவித்தலின் நோக்கத்தை நிறைவேற்றாது. விடை ஆயத்தஞ் செய்வதற்குரிய நாட்களும் அளிக்கப்படல் வேண்டும்.

விசாரணை முடியும்வரை மாணவரைத் தற்காலிகமாக விலக்கிவைத்தல் சிலவேளை தேவையாகலாம். அச்சுறுத்தல் நிகழும் என அஞ்சும்போது அது பொருந்தும். ஆயின் அவ்விலக்கு பரீட்சைகள் கடந்துபோகுமளவு நீளுமாயின், தீர்ப்புக்கு முன்பே தண்டனை நிறைவேறிவிடும். ஆதலின் அதற்கு எல்லை வகுத்தல் இன்றியமையாதது.

விசாரணை நாளில் தலைவர் குற்றச்சாட்டை வாசித்து மாணவரின் மறுமொழியைக் கேட்பர். பின்னர் முறைப்பாட்டாளரும் சாட்சியரும் கூறுவர். அதன்பின் மாணவரும் அவர்தம் சாட்சியரும் கூறுவர். சட்டத்தரணி இல்லாத மன்றத்தில் மாணவர் தாம் நம்பும் ஆசிரியர் ஒருவரையோ சக மாணவர் ஒருவரையோ துணையாக அழைத்துவர அனுமதித்தல் பொருத்தமானது. கூறப்பட்டவை அனைத்தும் எழுதப்பட்டு, கூறியவரின் ஒப்பம் பெறப்படல் வேண்டும்.

இவ்விடத்திலேயே 1960ஆம் ஆண்டுத் தீர்ப்பு விட்டுச்சென்ற இடைவெளி நிரப்பப்படல் வேண்டும். சாட்சியை வினவும் உரிமை மாணவருக்கு உண்டென்பதைத் தலைவர் தாமே முன்வந்து அறிவித்தல் வேண்டும். அவ்வறிவித்தல் குற்றச்சாட்டுக் கடிதத்திலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஒவ்வொரு சாட்சியின் முடிவிலும் வாயாற் கூறப்படலும் வேண்டும். 'வினவ விரும்பவில்லை' என மாணவர் கூறின் அதுவும் பதிவாகட்டும். கேளாதவருக்கும் உரிமை உண்டென்பதை உணர்த்தும் மன்றமே அஞ்சுபவருக்கும் நீதி வழங்கும் மன்றமாகும்.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படுவதுண்டு. பகிடிவதைக்கு ஆளான புதுமுக மாணவர், தம்மைத் துன்புறுத்திய மூத்த மாணவரின் நேரடிக் கேள்விகளுக்கு விடையளிக்க நேருமாயின் முறைப்பாடு செய்யவே அஞ்சுவர் என்பது அது. இவ்வச்சம் உண்மையானதே. அதற்குப் பரிகாரம், எதிரியின் வினாக்களைத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கச் செய்து, தலைவரே அவற்றைச் சாட்சியிடம் கேட்டல். இருவரையும் ஒரே அறையில் இருத்த வேண்டுவதும் இல்லை. சாட்சியின் பாதுகாப்பும் எதிரியின் உரிமையும் இவ்வாறு ஒருங்கே காக்கப்படலாம். எதிரிக்குத் தெரியாத சாட்சியத்தைக் கொண்டு அவரைத் தண்டித்தல் மட்டும் எந்நிலையிலும் ஆகாது.

தீர்ப்பும் மேன்முறையீடும்

குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு சாட்டுபவருடையதே. தாம் குற்றமற்றவர் என நிறுவும் கடமை மாணவருக்கு இல்லை. தண்டனை எத்துணைக் கடுமையோ அத்துணைத் தெளிவு சான்றிலும் வேண்டும். குற்றம் நிகழ்ந்ததா என்பதை முதலில் தீர்மானித்த பின்னரே தண்டனையைப் பற்றிப் பேசுதல் முறை. முன்னைய தவறுகள் தண்டனையை அளவிட உதவலாம். இப்போதைய குற்றத்துக்குச் சான்றாதல் கூடாது. எச்சரிக்கை, இழப்பீடு, விடுதி நீக்கம், குறித்தகால இடைநிறுத்தம், முற்றாக நீக்கம் எனத் தண்டனைகள் படிமுறையாக அமைதல் வேண்டும். விர்ஜீனியாவின் வரலாறு இதற்குப் பாடமாகும்.

தீர்ப்பு காரணங்களோடு எழுதப்படல் வேண்டும். எச்சாட்சியை ஏற்றனர், எதனைத் தள்ளினர், ஏன் என்பன அதில் விளங்க வேண்டும். காரணமில்லாத தீர்ப்பின்மேல் முறையீடு செய்தல் இயலாது. பல்கலைக்கழகப் பேரவைபோன்ற மேலதிகார சபையும் அதனை மீளாய்வு செய்ய இயலாது. உள்ளக வழிகள் முடிந்த பின்னும் வழி அடைபடுவதில்லை. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின்கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றம் எழுத்தாணை வழங்கலாம். சமத்துவ உரிமை மீறப்பட்டதாயின் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தை ஒரு மாதத்துள் நாடலாம். எனினும் கொழும்புக்குச் சென்று வழக்காட எல்லாக் குடும்பங்களாலும் முடிவதில்லை. பலருக்கு ஒலுவிலில் நடைபெறும் முதல் விசாரணையே இறுதி விசாரணையுமாகிவிடுகின்றது. ஆதலின் அம்முதல் விசாரணை பழுதின்றி நடத்தல் வேண்டும்.

இவ்விதிகள் குற்றவாளிக்குத் தப்பும் வழியைத் திறப்பன எனக் கருதுதல் தவறு. முறையாக விசாரிக்கப்பட்டு உறுதியான தீர்ப்பே பகிடிவதைக்கு ஆளான மாணவருக்கும் பயனளிப்பது; முறைதவறிய தீர்ப்போ மேல்மன்றத்தில் வீழ்ந்து, குற்றம் செய்தவரையும் வெற்றியோடு திரும்பச் செய்யும். நாளைய ஆசிரியரும் நிருவாகிகளும் நீதிபதிகளும் இன்றைய மாணவருள்ளிருந்தே வருவர். கேட்டறிந்த பின்னரே தீர்ப்பளிக்கும் பழக்கத்தை அவர்கள் தம் பல்கலைக்கழகத்திற் கண்டிருப்பாராயின், பிற்காலத்தில் தம் கையில் அதிகாரம் வரும்போது அதனை மறவார். மதுரையில் சிலம்பை உடைத்துப் பார்த்த வேளை பிந்திய வேளை. காரைதீவிலும் தம்பிலுவிலிலும் ஆண்டுதோறும் படிக்கப்படும் வழக்குரை, அதனை முந்திச் செய்க என்றே நடுவர் அனைவருக்கும் நினைவூட்டுகின்றது.